பிசகியது பாதையல்ல, உயரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பரிஸ் நகரில் 2022 மே 23 அன்று தரையில் மோத இருந்த எயார்பஸ் 320 விமானம் பற்றியும், தவறு யார் பக்கம் என்ற விமானிகளின் விவாதம் பற்றியும் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். 'ஜி.பி.எஸ். கோளாறு' என்று அதில் எழுதியிருப்பது சரியல்ல. ஓடுபாதையின் நேர்கோட்டில்தான் விமானம் வந்தது. உயரம்தான் பிசகியது.

உயரமானி காற்றமுக்கத்தை வைத்தே உயரத்தைக் காட்டும். அன்றைய அமுக்க எண்ணை விமானி அதில் பொருத்த வேண்டும். அன்றைய காற்றமுக்கம் 1001 ஹெக்டோபஸ்கல். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆங்கிலத்தில் 1011 என்று சொல்லிவிட்டார். பிரெஞ்சு விமானமொன்றுக்குப் பிரெஞ்சில் 1001 என்று சரியாகவே சொல்லியிருக்கிறார். ஒரு ஹெக்டோபஸ்கல் பிசகினால் உயரம் ஏறத்தாழ 28 அடி பிசகும். பத்துக்கு 280 அடி. உயரமானி காட்டியதைவிட விமானம் அவ்வளவு பதிவாக, அதாவது தாழ்வாகப் பறந்தது. 3 பாகைச் சரிவில் இறங்கும்போது 280 அடி குறைந்தால், ஓடுபாதைக்கு ஒன்றரைக் கிலோமீற்றருக்கு முன்பே நிலம் வந்துவிடும். வந்தேவிட்டது: மழைக்குள் ஓடுபாதை தெரியாததால் விமானி மீண்டும் மேலெழும்பிய வேளையில் நிலத்துக்கும் விமானத்துக்கும் இடையே இருந்தது 6 அடி. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் எச்சரிக்கை ஒலித்தது, விமானத்துக்குள் ஒலிக்கவில்லை.

'தூரத்தையும் உயரத்தையும் அட்டவணையோடு (எத்தனை தூரத்தில் எத்தனை உயரம் என்ற பட்டியல்) ஒப்பிட்டிருந்தால் பிடித்திருக்கலாம்' என்று சில விமானிகள் சொல்வதாகக் கட்டுரையில் இருக்கிறது. இதைத்தான் நான் அழுத்தமாக மறுக்கிறேன். அந்த ஒப்பீட்டுக்கும் அதே உயரமானியைத்தானே பார்க்கிறோம்? அன்று அவர்கள் ஜி.பி.எஸ். துணையோடு இறங்கிய முறையில் இறங்குசரிவைக் கணினி கணிப்பதும் அதே அமுக்க எண்ணை வைத்துத்தான். ஆகவே அட்டவணை பொருந்தும், சரியான சரிவில் இருக்கிறோமா என்று காட்டும் சரிவுக்குறி நடுவிலேயே நிற்கும், விமானம் மட்டும் பதிந்துகொண்டே போகும். ஐ.எல்.எஸ். எனும் கருவிவழித் தரையிறக்க முறையில் நிலைமை வேறு. அங்கே சரிவைத் தருவது தரையிலிருந்து வரும் வானொலிக்கற்றை. குறித்த தூரத்தில் உயரமானி 280 அடி முரண்பட்டு நின்றால் உடனே சந்தேகம் வரும்.

இத்தவறைப் பிடிக்கக்கூடியவை வேறு. ஒன்று, நிலையத்தின் பதிவுசெய்த வானிலை அறிவிப்பில் வரும் எண்ணையும் கட்டுப்பாட்டாளர் சொல்லும் எண்ணையும் இரு விமானிகளும் ஒப்பிட்டு, வேறுபட்டால் திரும்பக் கேட்பது. மற்றது ரேடியோ உயரமானி. அமுக்கத்தோடு அதற்குத் தொடர்பில்லை. கீழே உள்ள நிலத்துக்கான தூரத்தையே அளக்கும். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தைச் சுற்றி மலையில்லை, நிலம் ஏறக்குறையக் கடல்மட்டம். ரேடியோ உயரமானி 1000 அடி காட்டும்போது அமுக்க உயரமானி 1300 அடியை ஒட்டி நின்றால் அமுக்க எண் பிழை என்று அங்கேயே தெரிந்துவிடும். மலைநாட்டில் இது இவ்வளவு இலகுவல்ல. ஓடுபாதையோர நான்கு விளக்குகளும் உதவும். நான்கும் சிவப்பாகத் தெரிந்தால் விமானம் மிகப் பதிவாக வருகிறது. ஆனால் மாரி மழையில் அவை கண்ணுக்குப் படும்போது நேரம் கடந்திருக்கலாம்.

இடம் பிசகினால் என்னவாகும் என்பதை 1974 டிசெம்பர் 4 அன்று மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதி 191 பேர் இறந்தபோது இந்த நாடு கண்டது. அதனால்தானோ என்னவோ, வழித்தவறு என்றதும் வரைபடத்தையே நினைக்கிறோம்.

சென்னை விமானத்தில் எங்கள் சனம் பலாலிக்கு வந்து போகிறது. ஜி.பி.எஸ். மீது வீண் அச்சம் வேண்டாம். கட்டுரையின் அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
உரும்பிராய்