ஆய்வகத்து அண்ணனுக்கு

அண்ணா, உங்கள் பெயரை நான் கேட்டதே இல்லை. வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவிக்கொண்டிருப்பீர்கள், அவ்வளவுதான் தெரியும்.

ஆண்கள் மட்டுமே படித்த பள்ளி. 9ஆம் வகுப்பில் எனக்கு மகரக்கட்டு உடைந்தது. பருவ வயதில் குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால் வருவது அது. நாளடைவில் தானாகச் சரியாகிவிடும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பை வேறு பக்கம் திருப்ப எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. இன்னும் குரலே மாறாத ஒரு சின்னப் பையனை, எல்லோரும் பார்க்க அறைந்தேன். கைதட்டினார்கள். (அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

அப்புறம் ஆய்வகத்துக்குப் பின்னால் போய் அழுதேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "ஆம்பளப் பையன் அழலாமா" என்பீர்கள் என்று நினைத்தேன். "யாரை அடிச்ச?" என்றுதான் கேட்டீர்கள். சொன்னேன். "அவன் இப்ப எங்க இருக்கான்?" எனக்குத் தெரியவில்லை. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "சரி வா, தேடலாம்" என்று கூடவே வந்தீர்கள்.

படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். மன்னிப்புக் கேட்கும்போது பாழாய்ப்போன குரல் மறுபடி கீச்சிட்டது. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

நேற்று என் மகன் தொலைபேசியில் பேசும்போது குரல் பிசிறியது. உடனே பேச்சை நிறுத்திவிட்டான். உங்கள் ஈரக் கை ஞாபகம் வந்தது. நன்றி அண்ணா.