பஸ்கா நாளும் இன்றைய யூத நாட்காட்டியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயேசு சிலுவையில் அறையப்பட்ட நாளைக் கணிப்பது பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். யூதப் பண்டிகைகளை அறியாமல் சுவிசேஷங்களின் காலவரிசையைப் புரிந்துகொள்ள இயலாது என்று கட்டுரையாளர் சொல்வது சரியே. ஆனால், பஸ்கா பண்டிகையின் முதல் நாளாகிய நிசான் மாதம் 15ஆம் நாள் வெள்ளிக்கிழமையில் வரவே வராது என்ற யூத நாட்காட்டி விதியைக் காட்டி, இயேசு மரித்த வெள்ளிக்கிழமையை நிசான் 15 ஆகக் காட்டும் மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் நாளைத் தவறாகக் குறித்துவிட்டார்கள் என்று அவர் தீர்ப்பளித்திருப்பதை ஏற்க முடியவில்லை.

அந்த விதி இன்றைக்கு உண்மைதான். பஸ்காவின் முதல் நாள் திங்கள், புதன், வெள்ளி ஆகிய கிழமைகளில் விழாதபடியே இன்றைய யூத நாட்காட்டி கணிக்கப்படுகிறது. ஆனால் 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்ளும் இந்தக் கணித முறையை நான்காம் நூற்றாண்டில் இரண்டாம் ஹில்லேல் வகுத்தார் என்பதே யூத மரபு. அதன் விதிகள் முழுமையாக நிலைபெற மேலும் பல நூற்றாண்டுகள் ஆயின. எருசலேம் தேவாலயம் நின்றிருந்த காலத்தில், பிறையைக் கண்ட சாட்சிகளை விசாரித்த பிறகே மாதம் பிறந்ததாக அறிவித்தார்கள். அச்செய்தியைப் பரப்ப ஒலிவமலையில் தீ மூட்டிவந்ததையும், சமாரியர் வேண்டுமென்றே தீ மூட்டிக் குழப்பியதால் பின்னர் தூதர்களை அனுப்பத் தொடங்கியதையும் ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா விவரிக்கிறது. வாற்கோதுமை முற்றாத ஆண்டுகளில் நிசானுக்கு முந்தைய ஆதார் மாதத்தையே இரண்டாம் முறையும் வைத்து நிசானைத் தள்ளிப்போடும் வழக்கமும் இருந்தது.

கட்டுரையாளரின் வாதத்துக்கு நேரடியான மறுப்பும் அதே மிஷ்னாவில், பெசாகிம் என்னும் பகுதியில் இருக்கிறது. பஸ்கா ஆட்டின் எலும்புகளையும் மீந்துபோனதையும் 16ஆம் நாளில் எரிக்க வேண்டும் என்றும், 16ஆம் நாள் ஓய்வுநாளாக அமைந்தால் 17ஆம் நாளில் எரிக்க வேண்டும் என்றும் அங்கே விதிக்கப்பட்டுள்ளது. 16ஆம் நாள் சனிக்கிழமை என்றால் 15ஆம் நாள் வெள்ளிக்கிழமைதானே? வரவே முடியாத ஒரு நாளுக்கு யாரும் விதி எழுதிவைக்க மாட்டார்கள்.

இதனால் சுவிசேஷங்களுக்கிடையே முரண்பாடு இல்லை என்று சொல்ல வரவில்லை. பஸ்கா ஆட்டை அடிக்கும் நாளில், அதாவது நிசான் 14இல், சீஷர்கள் விருந்தை ஆயத்தம் பண்ணினதாக மாற்கு 14:12 சொல்கிறது. அன்றிரவு உண்டது பஸ்கா விருந்து. யோவான் 18:28இலோ, மறுநாள் காலையிலும் யூதர்கள் பஸ்காவைப் புசிக்க வேண்டியிருந்ததால், தீட்டுப்படாதபடி, தேசாதிபதி பிலாத்துவின் அரமனைக்குள் நுழையாமல் வெளியே நிற்கிறார்கள். கிழமை இருவருக்கும் வெள்ளிதான். சூரியன் மறைந்ததும் நாள் தொடங்குவதால், இராவுணவும் மரணமும் இரு கணக்கிலும் ஒரே யூத நாளுக்குள் அடங்குகின்றன. மாற்குவுக்கு அது நிசான் 15, யோவானுக்கு 14. ஆட்டின் எலும்பை முறிக்கக் கூடாது என்ற யாத்திராகமக் கட்டளையை இயேசுவின் மரணத்தோடு பொருத்திக் காட்டுபவர் யோவான் என்பதையும் கருதினால், நாளைக் குறிப்பதில் இறையியல் நோக்கம் அவருக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. சவக்கடலோரம் வாழ்ந்த யூதப் பிரிவினராகிய கும்ரான் சமூகத்தாரின் 364 நாள் நாட்காட்டியைக் கொண்டு இரண்டையும் இணைக்கப் பிரெஞ்சு ஆய்வாளர் அன்னி ஜோபேர் முயன்றார். நுட்பமான முயற்சிதான், ஆனால் இயேசு அந்த நாட்காட்டியைப் பின்பற்றினார் என்பதற்கு ஆதாரம் வேண்டுமே.

ஆண்டைப் பற்றியும் ஒரு சொல். பிலாத்து ஆட்சி செய்த கி.பி. 26 முதல் 36 வரையிலான காலத்தில், 30 ஏப்ரல் 7, 33 ஏப்ரல் 3 ஆகிய இரு வெள்ளிக்கிழமைகளும் வானியல் கணக்குப்படி நிசான் 14 ஆகப் பொருந்துகின்றன. கட்டுரை இரண்டாவதை மட்டும் உறுதியானதாகச் சொல்கிறது. இரண்டுமே யோவானின் கணக்கை முன்னதாக ஏற்றுக்கொண்டவை. ஆகவே அவற்றைக் கொண்டு யோவானே சரி என்று நிறுவுவது வட்டவாதமாகும். மூன்று ஆண்டு ஊழியம் என்ற பரவலான எண்ணமும், யோவான் மட்டும் 2, 6, 11ஆம் அதிகாரங்களில் மூன்று பஸ்காக்களைக் குறிப்பிடுவதால் எழுந்ததே.

பண்டிகைகள் ஐயமின்றிக் காலம் காட்டும் இடம் அப்போஸ்தலருடைய நடபடிகள். புளிப்பில்லாத அப்பப்பண்டிகை நாட்களுக்குப் பின் பவுல் பிலிப்பியிலிருந்து கப்பலேறுகிறார், பெந்தெகொஸ்தேக்குள் எருசலேமை அடைய விரைகிறார். பின்னொரு பயணத்தில், இலையுதிர்காலத்தில் வரும் திஷ்ரி மாதம் 10ஆம் நாளாகிய உபவாசநாள் கழிந்துவிட்டதால் கடற்பயணம் ஆபத்தாகிறது. இங்கே தேதி சொல்வதைத் தவிரப் பண்டிகைக்கு வேறு வேலை இல்லை. கட்டுரையாளர் இந்நூலைத் தொடாமலே விட்டது வியப்பளிக்கிறது.

கட்டுரையுடன் வந்த அட்டவணையில் கி.பி. 30 ஏப்ரல் 7ஐயும் சேர்த்து, வெள்ளிக்கிழமை விதி பிற்காலத்தது என்ற குறிப்போடு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை