தொப்பூர் இறங்கும் முன்

கண்ணு,

இங்கே எல்லோரும் சுகம். போன் போட்டால் "லோடு ஏத்திட்டிருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதி உன் கிளீனர் பையன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வண்டியில் பிரேக் லேட்டாகப் பிடிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை, இருக்கட்டும். பிரேக் லைனர் தேய்ந்து, டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடியிருக்கும். அந்த இடைவெளியைக் குறைக்கிற ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருகினால் போதும், பட்டறைக்குக்கூடப் போக வேண்டாம். சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடு. காற்று நிரம்பியதும் இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடு. அது பிடித்திருந்தால் பின்சக்கரத்தில் நீ திருகுவது கணக்கிலேயே வராது. ஸ்பேனரால் பூட்டு வளையத்தை உள்ளே அழுத்தித் திருப்பு. லைனர் டிரம்மில் முட்டியதும் அரைச்சுற்று பின்னால் விடு. வளையம் திரும்ப வெளியே வந்து பூட்டியதா என்று விரலால் தடவிப் பார். அப்புறம் பையனைப் பெடலை மிதிக்கச் சொல். இரண்டு பக்கமும் பிரேக் பூஸ்டரிலிருந்து வெளியே வரும் கம்பி ஒரே அளவு வர வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, டிரம் பக்கத்தில் கையைக் காட்டு. ஒன்று மட்டும் சுட்டால் அது உரசுகிறது. ஒன்று மட்டும் ஜில்லென்றிருந்தால் அது வேலையே செய்யவில்லை.

ஏர் டேங்க் தண்ணீரைத் தினமும் திறந்து விடு.

தர்மபுரியிலிருந்து வரும்போது தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள். சிலர் இன்ஜினையே அணைக்கிறார்கள். உன்னைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் காற்று அடைக்கிற கம்ப்ரஸர் நிற்கும், ஸ்டியரிங் கல்லாகும். மிதிக்க மிதிக்க இருக்கிற காற்றும் தீரும். டிரம் சூடேறி விரிந்தால் லைனர் எட்டாது. இடைவெளி ஏற்கெனவே கூடின வண்டிக்குக் கேட்கவே வேண்டாம். இரட்டைப் பாலத்துக்கு வரும்போது யாரைக் கூப்பிடுவாய்? அந்த மேட்டை ஏறப் போடுகிற கியரிலேயே இறங்கு. டீசல் போனால் போகட்டும்.

போன வாரம் ஃபைனான்ஸ்காரத் தம்பி ஒருத்தர் இந்தப் பக்கம் வந்தார். டீ சாப்பிட்டுப் போனார். நல்ல பையன்தான், சத்தமாகப் பேசவில்லை. அம்மா உள்ளே இருந்தாள், காதில் விழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இந்த வயதில் சொந்த வண்டி என்பது நம் வீட்டில் யாரும் செய்யாதது. சங்ககிரியில் உன் மாமன் நாலு பேர் முன்னால் அதைச் சொன்னபோது கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ராத்திரி பகல் பார்க்காமல் லோடு பிடித்தால் வண்டிக் கடன் டியூ அடைந்துவிடும் என்று நினைப்பவன், ஒரு வார்த்தை அப்பனிடம் சொல்லியிருக்கலாம். நான் என்ன அடிக்கவா வருவேன்? தூக்கம் வந்தால் ஓரங்கட்டு. குழந்தை உன் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகிறது. ஓரங்கட்டினால் அப்போது பேசலாமே.

ஸ்லாக்கைத் திருகியும் சரியாகவில்லையென்றால் லைனர் முடிந்திருக்கும். மாற்றினால் அந்த ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்று. ஒரு பக்கம் மட்டும் போட்டால் மிதிக்கும்போது வண்டி இழுக்கும். கடையில் என் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள், பணம் நான் கட்டுகிறேன். அந்த டியூ ரசீதையும் பையனிடம் கொடுத்து விடு, பார்க்கிறேன்.

அப்பா