ஏலக்காய் பிரிக்கும் கண்களுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேனி மாவட்டத்தில் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கையில் கொஞ்சம் பணத்தோடு இருப்பவர்களுக்குக் குறைவில்லை. ஏலக்காய் வியாபாரிகள், திராட்சைத் தோட்டக்காரர்கள், திருவிழாக் கமிட்டிகள், வெளிநாட்டுப் பிள்ளைகள் என்று பலர் உண்டு. அந்தப் பணம் பெரும்பாலும் அன்னதானம், சேலை, தையல் மிஷின், பள்ளிக்கூட நோட்டு என்றே போகிறது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லவே இந்தக் கடிதம்: நாற்பது வயது கடந்த கூலிப் பெண்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி, அதாவது வயதானதால் கிட்டத்தில் மங்கும் கண்ணுக்குப் போடும் கண்ணாடி. முகாம் போட்டு இலவசமாக அல்ல. ஊருக்கு ஒரு பெண் பெட்டியில் வைத்து விலைக்கு விற்கும் ஏற்பாடாக.

போடியில் ஏலக்காய் பிரிக்கும் கூடங்களைப் பார்த்தவர்களுக்கு வேலை தெரியும். சல்லடையில் ஏழு மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர் என்று காய் பிரிந்த பிறகு மிச்சமெல்லாம் கண் வேலை. வெடித்தது, பூச்சித் துளை விழுந்தது, சொறி பிடித்தது, பச்சை வெளிறியது, காம்பு போகாதது எல்லாவற்றையும் பரப்பிப் போட்டு விரலால் தள்ளி ஒதுக்குகிறார்கள். துளை குண்டூசி முனை அளவுதான் இருக்கும். மலை மேல் ஏலத் தோட்டங்களிலும் இதே கதை. செடியின் தூரில் தரையோடு கிடக்கும் சரத்தில் கரிங்காய்ப் பதம், அதாவது பறிக்கும் அளவு முற்றிய பதம் வந்ததை மட்டும் எடுத்து, இளங்காயை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். மர நிழலிலும் மழை மூட்டத்திலும் ஐம்பது வயதுக் கண்ணுக்கு அது சுலபமல்ல. "அந்தம்மா காய் சுத்தமில்லை" என்று சொல்லி வேலையிலிருந்து கழற்றிவிடுவது பல சமயம் கையின் குறையால் அல்ல, கண்ணின் குறையால்.

வெள்ளெழுத்து நோய் அல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகி, கிட்டப் பொருளுக்கு வளைந்து கொடுக்காமல் போகிறது. கீரை தின்றாலும் கேரட் தின்றாலும் அது திரும்பாது. சரியான கண்ணாடி போட்டால் அன்றைக்கே தீர்ந்தது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பதும் அதற்கு மேலும் வயதான 751 தொழிலாளர்களை வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்து, பெறாதவர்களோடு ஒப்பிடும்போது 21.7 சதவீதம் கூடியது. பங்களாதேஷில் நடந்து 2024-இல் வெளியான இன்னொரு ஆய்வில் கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் சுமார் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. ஏலக்காய்க்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் கிலோவுக்குக் கூலி பேசும் இடத்தில் லாபம் தொழிலாளிக்கு, நாள் கூலி இடத்தில் முதலாளிக்கு. ஆகவே நாள் கூலி கொடுக்கும் கூடத்துக்காரர் கண்ணாடி விலையில் பாதியைப் போடுவது தர்மம் அல்ல, வியாபாரம்.

முகாம் ஏன் வேண்டாம்? கம்பம், தேவாரம், போடி பக்கத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக வண்டன்மேடு, உடும்பன்சோலை, சாந்தன்பாறை பக்கத்துக் கேரள ஏலத் தோட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். புதன்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் முகாம் என்றால் யாருக்காக? பகலில் அவர்கள் கேரளத்தில், ராத்திரி தமிழ்நாட்டில். வந்தாலும் ஒரு நாள் கூலி போச்சு. முகாமில் கொடுத்த கண்ணாடியின் கால் ஒடிந்தால் மாற்றித் தர ஆளில்லை. அது டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். பெட்டிக்காரப் பெண் அதே தெருவில் இருந்தால் சாயங்காலம் ஏழு மணிக்கும் கதவைத் தட்டலாம்.

பெட்டியில் இருக்க வேண்டியது: 40 கண்ணாடிகள். ஒரு பவரில் 6, ஒன்றரையில் 10, இரண்டில் 12, இரண்டரையில் 8, மூன்றில் 4. கூடவே ஆறு மீட்டர் தூரத்தில் வைக்கும் E அட்டை (E எழுத்து பல பக்கம் திரும்பியிருக்கும் பார்வை அட்டை), கையில் பிடிக்கும் கிட்ட எழுத்து அட்டை, 40 செ.மீ. முடிச்சுப் போட்ட நூல், முகம் பார்க்கும் கண்ணாடி, கழுத்துக் கயிறுகள், ஒரு நோட்டு. எழுத்து அட்டையை விட, நல்லதும் துளை விழுந்ததும் கலந்த ஒரு கைப்பிடி ஏலக்காய் மேலான சோதனை. படிக்கத் தெரியாதவர் கூசாமல் செய்வார்.

கொள்முதல் விலை 80 ரூபாய் என்று வைத்தால் சரக்குக்கு 3,200, மற்ற சாமானுக்கு 800, ஆக 4,000 ரூபாயில் ஒரு ஊருக்குப் பெட்டி. விற்பனை 150. அதில் 80 மறு கொள்முதலுக்கு, 40 விற்பவருக்கு, 20 உடைசலுக்கும் மாற்றிக் கொடுக்கவும், 10 அடுத்த ஊர்ப் பெட்டிக்கு. மொத்தமாக முடியாதவர் வாரம் 25 ரூபாயாக ஆறு வாரம் கட்டட்டும். மகளிர் குழுவில் வாரக் கூட்டம் நடப்பதால் வசூல் தனி வேலையாகாது. கொடுத்தவர் பணம் கரையாமல் சுற்றி வரும்.

சரக்கு வந்ததும் பவரைச் சோதிக்காமல் பெட்டியில் வைக்கக் கூடாது. மலிவுக் கண்ணாடிகளில் ஒரு லென்ஸ் ஒன்றரையும் மற்றது இரண்டுமாக இருப்பதுண்டு. மெஷின் வேண்டாம். சன்னலுக்கு எதிர்ச் சுவரில் லென்ஸைக் காட்டி, வெளியே தூரத்தில் இருக்கும் மரம் சுவரில் தலைகீழாகத் தெளிந்து விழும் தூரத்தை ஸ்கேலால் அளந்தால் போதும். ஒரு பவருக்கு ஒரு மீட்டர், ஒன்றரைக்கு 67 செ.மீ., இரண்டுக்கு 50, இரண்டரைக்கு 40, மூன்றுக்கு 33. இரண்டு லென்ஸும் ஒரே தூரத்தில் விழாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

விற்பவர் முதலில் கேட்க வேண்டியது வயதும் வலியும். கண் சிவப்பு, வலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், திடீரென்று மங்கல், சர்க்கரை நோய், கருவிழியில் வெள்ளை, இதில் ஒன்று இருந்தாலும் விற்காமல் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அரவிந்த் மருத்துவமனை தேனியிலேயே இருக்கிறது. அடுத்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மற்றதால் ஆறு மீட்டர் தூரத்து அட்டை. அட்டையில் 6/12 என்று குறித்த வரி ஏதாவது ஒரு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ரெடிமேட் கண்ணாடி அவருக்கு ஆகாது. "பாட்டிக்குக் கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோக்க வருது, பார்வை திரும்பிருச்சு" என்று சந்தோஷப்படும் வீடுகள் உண்டு. பல சமயம் அது கண்புரை வளரும் அறிகுறி. அவரையும் அனுப்ப வேண்டும்.

பிறகுதான் பவர். நாற்பதை ஒட்டி ஒன்று, ஐம்பதை ஒட்டி இரண்டு, அறுபதை ஒட்டி இரண்டரை என்பது தொடங்கும் இடம் மட்டுமே. நூலை மூக்கருகே பிடித்து, அவர் வேலை செய்யும் தூரத்தில் காயை வைத்து, தெளிவாகத் தெரியும் பவர்களில் குறைந்ததைக் கொடுக்க வேண்டும். தவறு நடப்பது இங்கேதான். கூடுதல் பவர் போட்டால் எல்லாம் பெரிதாகத் தெரியும், "இதுவே இருக்கட்டும்" என்பார்கள். வேலையில் உட்கார்ந்ததும் காய் முகத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் தெளியும். குனிந்து குனிந்து கழுத்து பிடிக்கும், மூன்றாம் நாள் கண்ணாடி மூலைக்குப் போகும். பத்து நிமிஷம் உட்கார்ந்து பிரித்துப் பார்த்த பிறகே காசு வாங்குவது நல்லது. இரண்டு பவர் கண்ணாடி முதலில் தீர்ந்துவிடும், ஒன்றும் மூன்றும் தேங்கும். அப்போது இருப்பதைத் தள்ளிவிடும் ஆசை விற்பவருக்கு வரும். எந்தப் பவரும் மூன்று கண்ணாடிக்குக் கீழே இறங்கினால் உடனே வாங்கிவிடும் ஏற்பாடு இல்லையென்றால் இந்தத் திட்டம் அங்கேயே கெட்டுப்போகும்.

எஸ்டேட்டுக்குப் போகிறவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இது கிட்டத்துக்கு மட்டும். போட்டுக்கொண்டே சரிவில் இறங்கினால் படி மங்கும், கால் தவறும். எழும்போது கழற்றிக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். மூக்கு நுனியில் நிற்கும் அரைக் கண்ணாடி இவர்களுக்கு நல்லது. மேலால் தூரம் பார்க்கலாம். காய்த்தூசி படிந்ததைச் சேலை முந்தானையால் வறட்டுத் துடைப்பாகத் துடைத்தால் கீறல் விழும். முதலில் தண்ணீரில் அலச வேண்டும்.

கூடத்து விளக்கையும் கவனிக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிந்து மங்கல் கூடும். மஞ்சள் பல்பில் பச்சைக் காயும் வெளிறிய காயும் ஒன்றாகத் தெரியும். தலைக்கு மேல் வெள்ளை எல்.இ.டி. டியூப் மாட்டிவிட்டுப் பவர் பார்த்தால் சிலருக்குக் குறைந்த பவரே போதும்.

கேலிக்கும் ஒரு வழி வேண்டும். காட்டில் கண்ணாடி போட்ட பெண்ணை "வாங்க டீச்சரம்மா" என்று கூப்பிட்டே கழற்ற வைத்துவிடுவார்கள். முதல் கண்ணாடியைக் கங்காணிக்கோ, கூடத்தில் மூத்த கைக்காரிக்கோ கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சு அடங்கும்.

ஊருக்குப் பணம் போட, தக்காளி கெடாமல் வைக்கும் செங்கல், மணல் குளிர்தொட்டி போன்ற நல்ல யோசனைகள் இன்னும் இருக்கின்றன. அதற்கு இடம், தண்ணீர், காவல் எல்லாம் வேண்டும். கண்ணாடித் திட்டமோ ஒரு தகரப் பெட்டியில் அடங்குகிறது. ஏலக்காய் பறிப்பு ஆகஸ்டில் சூடு பிடித்துவிடும். ஆடிக்கு முன்னால் பெட்டி ஊருக்குள் வந்து, விற்பவருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பயிற்சியும் முடிந்திருந்தால் இந்த வருஷமே தொடங்கலாம்.

இப்படிக்கு,
கண் பரிசோதனைப் பணியாளர்கள் சிலர்,
போடிநாயக்கனூர்