பிடுங்கிய போனுக்குப் பதிலாக என்ன கொடுத்தோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைச் செல்போனிலிருந்து மீட்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பூட்டு போட்டு வையுங்கள், சாப்பிடும்போது கொடுக்காதீர்கள், நேரம் குறித்துக் கொடுங்கள் என்று அதில் சொன்னவை எல்லாம் சரிதான். ஆனால் போனை வாங்கி வைத்த பிறகு அந்தப் பிள்ளை எங்கே போகும், யாரோடு விளையாடும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் முசிறிப் பக்கம் தொடக்கப்பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்தவள். இப்போது திருச்சியில், 44 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் மகனோடு இருக்கிறேன். பேரனுக்கு எட்டு வயது. கொரோனாவில் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது அவன் கைக்குழந்தை மாதிரிதான். அவன் அக்காவுக்குப் பாடமே போனில் நடந்தது. 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறக்குறைய இருபது மாதம். இதுதான் பள்ளிக்கூடம் என்று சொல்லி நாம்தான் போனைக் கையில் கொடுத்தோம். பள்ளி திறந்த பிறகு திருப்பி வாங்க மறந்துபோனோம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த சின்னவனுக்குச் சோறும் போனைக் காட்டித்தான் இறங்கியது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. அந்த வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று அதே அறிக்கையில் இருக்கிறது. முதல் பாதியைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். இரண்டாவதை யார் பேசுகிறார்கள்?

போன வருடம் மருமகள் ஒருநாள் கோபத்தில் போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். பையன் அழுது ஓய்ந்து, கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, "அப்பாயி, இப்ப நான் என்ன பண்றது?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. கீழே போய் விளையாடு என்று சொல்ல முடியாது. "இங்கு பந்து விளையாடக் கூடாது" என்று பலகை மாட்டியிருக்கிறது. தெருவில் வண்டி. பக்கத்துப் பள்ளி மைதானத்தில் நாலரை மணிக்குப் பூட்டு.

சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். காரில் கீறல் விழும், சத்தம் தாங்காது, யாராவது விழுந்தால் யார் பொறுப்பு என்றார்கள். அவர்கள் பயத்தையும் தப்பென்று சொல்ல மாட்டேன். மூன்று கூட்டம் பேசி, மாலை ஐந்தரை முதல் ஏழு வரை கிழக்குப் பக்கம் கார் நிறுத்துவதில்லை என்று முடிவானது. முறைவைத்து ஒரு பெரியவர் திண்டில் உட்கார வேண்டும், கையில் போன் இல்லாமல்.

முதல் இரண்டு வாரம் பார்க்கவே வருத்தமாக இருந்தது. ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். ஒருவருக்கும் ஆட்டத்தைத் தொடங்கத் தெரியவில்லை. கல்லா மண்ணா சொல்லிக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "பாட்டி, இவன் அழுகுணி ஆடுறான்" என்று பஞ்சாயத்து. "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்பதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. கால்மணி நேரம் சண்டை, பத்து நிமிடம் ஆட்டம். அந்தச் சண்டையும் விளையாட்டில் சேர்ந்ததுதான், ஐயா. வகுப்பறையில் நான் எத்தனை நீதிக்கதை சொல்லியிருப்பேன். விட்டுக்கொடுப்பதை அந்தத் திண்டுப் பக்கம் அவர்கள் கற்றுக்கொண்டதைப் போல என் வகுப்பில் யாரும் கற்றதில்லை.

என் பேரன் முதல் நாள் அவுட் ஆனதும் மாடிக்கு ஓடி வந்துவிட்டான். போன் விளையாட்டில் தோற்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், யாரும் பார்ப்பதில்லை. இங்கே எட்டுப் பேர் பார்க்கிறார்கள். மூன்றாவது வாரம் அவன் மாடிக்குப் போகவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, உதடு துடிக்க, செருப்பால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அடுத்த ஆட்டத்துக்கு "சாட் பூட் த்ரீ" என்று சத்தம் கேட்டதும் எழுந்து ஓடிக் கையை நீட்டினான். கன்னத்தில் ஈரம் காயவில்லை. தன்னம்பிக்கை வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் பெற்றோர் அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தரைத்தள வீட்டுக்கு ஆந்திராவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. பெண்ணுக்குத் தமிழ் வராது. கூடவே நான்கு வயதுத் தம்பி. அவனைச் சேர்த்தால் ஆட்டம் கெடும், விட்டால் அழுவான். நம் ஊர்ப் பிள்ளைகள் இதற்கு என்றைக்கோ வழி கண்டிருக்கிறார்கள்: ஒப்புக்குச் சப்பாணி. அவன் ஓடலாம், பிடிக்கலாம், கத்தலாம். அவுட் மட்டும் கிடையாது. இந்த வார்த்தையை ஒரே ஒரு தடவை சொன்னேன். இப்போது அந்தப் பெண்ணே தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஒப்புக்கு!" என்கிறாள். அவள் தமிழில் முதலில் கற்ற சொற்களில் அதுவும் ஒன்று.

போன் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேரன் ஒரு மணி நேரம் பார்க்கிறான். ஆனால் ஐந்தரை ஆனால் அவனே வைத்துவிடுகிறான்.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்வு நெருங்கும்போது விளையாட்டு வேளையை வாங்கி வாய்ப்பாடு சொல்ல வைத்தவள்தான் நானும். அந்தப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. 1989-இல் நிறைவேறிய ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, அதன் 31-ஆம் பிரிவில், விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்றிருக்கிறது. பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக விடச் சொல்லி நகரமைப்பு விதியும் உண்டு. அப்படி விட்ட இடம் பூங்காவாகி, நடைபயிற்சிக்குக் கல் பதித்து, அங்கேயும் "பந்து விளையாடாதீர்" பலகை வந்துவிடுகிறது.

தங்கள் பத்திரிகை வழியாக இரண்டு கேட்கிறேன். பள்ளி மைதானங்களை மாலை ஆறரை வரையும் விடுமுறை நாட்களிலும் அந்தந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும், ஒரு காவலரோடு. பி.டி. பீரியடை வேறு பாடத்துக்கு யாரும் கடன் வாங்கக் கூடாது.

எங்கள் குடியிருப்பில் பலகை இன்னும் தொங்குகிறது. அடுத்த கூட்டம் ஐந்தாம் தேதி. அதைக் கழற்றச் சொல்லிப் பிள்ளைகளே ஒரு மனு எழுதி, பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான்கு வயதுக்காரன் ஒரு வட்டம் போட்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.