1990-இல் மணல் திட்டில் இறந்த என் தம்பியின் இறப்பைப் பதிவு செய்யக் கோரி மனு

அனுப்புநர்: முகாம்வாசி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம், மண்டபம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், இராமநாதபுரம்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

1990 ஆகஸ்டில் இலங்கையின் மன்னார்த் தீவில் உள்ள பேசாலையில் வள்ளம் ஏறியபோது நாங்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, அக்கா, நான், ஒன்றரை வயதுத் தம்பி. மண்டபத்தில் எங்களைப் பதிந்தபோது நான்கு பேர். குறைந்த அந்த ஒருவனுக்காகத்தான் இந்த மனு.

ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் சனம் கடற்கரைக்கு வந்துவிட்டது. படகுக் கூலிக்கு அம்மாவின் தாலிக்கொடியும் அக்காவின் தோடும் போயின, அப்பாவின் வலைகளும் வீடும் அப்படியே கிடந்தன. போருக்கு இத்தனை கோடி செலவு என்று கணக்குச் சொல்கிறவர்கள் இதையெல்லாம் சேர்த்திருப்பார்களா தெரியவில்லை, அம்மா இன்றைக்கும் பவுனில்தான் சொல்லுவார். ரோந்துக்குப் பயந்து ஓட்டி எங்களைத் தனுஷ்கோடிக்குப் பக்கத்தில் ஒரு மணல் திட்டில் இறக்கி, இது இந்தியாதான், விடிந்ததும் ஆள் வரும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். யாரும் வரவில்லை. ஒரு கேன் தண்ணீர் முதல் நாளே முடிந்தது. திட்டில் ஒரு செடி கிடையாது, அம்மா சேலையை விரித்துப் பிடித்ததுதான் நிழல். தம்பிக்குப் புறப்படும்போதே காய்ச்சல். இரண்டாம் இரவு அவன் அழுகை நின்றது. எனக்கு அப்போது 8 வயது, தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன். அப்பா கையாலேயே மணலைத் தோண்டினார், தோண்டத் தோண்ட உப்புத் தண்ணீர் ஊறியது, கரை ஒதுங்கிய ஒரு துடுப்புத் துண்டைத் தலைமாட்டில் நட்டார். காலையில் தங்கச்சிமடத்து மீனவர் ஒருவர் பார்த்து எங்களை ஏற்றி வந்தார்.

1983-இல் தொடங்கி 2009 மே மாதம் முடிந்த போர் அது. இறுதிக் கட்டத்தில் மட்டும் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னது. இங்கிருந்து இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போன வீரர்கள் சுமார் 1,200 பேர் உயிர்விட்டார்கள். எந்தக் கணக்கிலும் என் தம்பி இல்லை. அந்த நாட்டில் அவனுக்குப் பிறப்புப் பதிவு உண்டு, இறப்பு இல்லை. இந்த நாட்டில் இரண்டுமே இல்லை.

2012-இல் அப்பா முகாமிலேயே இறந்துபோனார். பேசாலையில் அவர் பேரில் இருக்கும் காணியை அம்மா பேருக்கு மாற்றப் போனால், மூன்றாவது பிள்ளை எங்கே, கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். இங்கே ஓர் அலுவலகத்தில் சான்று கேட்டேன். வராத ஆளுக்கு எப்படிச் சான்று தருவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் வந்தான். இந்தியக் கரையைத் தொட்டு இரண்டு நாள் உயிரோடு இருந்தான்.

ஓராண்டு தாண்டிய இறப்பையும் பதியலாம் என்று பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969 பிரிவு 13(3) சொல்கிறது. 2023-இல் வந்த திருத்தத்துக்கு அப்புறம் அந்த உத்தரவைத் தாங்களே இடலாம், கோட்டாட்சியரும் இடலாம். ஆகவே விசாரணைக்கு உத்தரவிட்டு, மண்டபம் முகாமுக்கு வந்தவர்களைப் பதிந்த 1990 ஆகஸ்ட் பதிவேட்டில் எங்கள் பக்கத்தின் சான்றிட்ட நகலைத் தரச் சொல்லி, தம்பியின் இறப்பைப் பதிந்து கொடுங்கள். தாமதக் கட்டணம் எவ்வளவானாலும் கட்டிவிடுகிறேன். எங்களை ஏற்றி வந்த மீனவர் இருக்கிறார், வயதாகிவிட்டது, ஆனாலும் எந்த அலுவலகத்துக்கும் வந்து சொல்லத் தயார் என்கிறார். திட்டு எது என்று அவருக்கு அடையாளம் தெரியும். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. விசாரணையைக் கீழ்த்தளத்தில் வைத்தால் பெரிய உதவி.

தம்பியின் பெயரை நான் இதில் எழுதவில்லை. இணைத்துள்ள தனித்தாளில் அம்மாவே தன் கையால் எழுதியிருக்கிறார்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா