இரண்டு மூட்டைப் பேரிக்காய்

வேலூர்,
ஆடி மாதம்.

அன்புள்ள தோழிக்கு,

கோத்தகிரியிலிருந்து நீ பேருந்தில் ஏற்றி அனுப்பிய இரண்டு மூட்டைப் பேரிக்காயும் அடிபடாமல் வந்து சேர்ந்தன. உன் தோட்டத்தில் விழும் காயில் பாதி மரத்தடியிலேயே அழுகுகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ஆகையால், இந்தப் பத்து நாளில் செய்து பார்த்தவற்றை விரிவாகவே எழுதுகிறேன்.

விழும்வரை நீ காத்திருப்பதுதான் முதல் தவறு என்று நினைக்கிறேன். பேரி மரத்திலேயே பழுத்தால், தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே நடுப்பகுதி குழைந்து பழுப்பேறிவிடுகிறது. காயை உள்ளங்கையில் ஏந்திப் பக்கவாட்டில் உயர்த்தும்போது காம்பு எளிதாக விட்டு வந்தால், அது முற்றிவிட்டது என்று பறித்துவிடலாம். பழுக்க வைக்க வேண்டியவற்றை இரண்டு வாழைப்பழத்தோடு அரிசிப் பானையில் வை. காம்பையொட்டிய கழுத்துப் பகுதி விரலுக்கு இளகினால் பழுத்துவிட்டது என்று பொருள். இங்கே அடிக்கும் வெயிலில் மூன்றே நாளில் பழுத்துவிட்டன. உன் குளிருக்கு ஒரு வாரமாவது ஆகும்.

கெட்டியான காயை நான் பழமாகவே கருதுவதில்லை, அது காய்கறிதான். தோல் சீவி, வாழைப்பூவுக்குச் செய்வதுபோல் மோர் கலந்த தண்ணீரில் நறுக்கிப் போட்டால் கறுக்காது. புளிக்குழம்பில் முருங்கைக்காயோடு சேர்த்தேன். குழையாமல், புளியையும் காரத்தையும் நன்றாக இழுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு வைத்த தால்சாவில் மாங்காய்க்குப் பதிலாகப் போட்டபோது, பேரியில் புளிப்பு குறைவு என்பதால் புளியைச் சற்றுக் கூட்ட வேண்டியிருந்தது. ஆனால் அந்த மெல்லிய இனிப்பு பருப்போடு சேர்ந்த விதம் எனக்கு மாங்காயைவிடப் பிடித்திருந்தது. துருவி, நல்லெண்ணெயில் சுருள வதக்கி, மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி, பெருங்காயம், எலுமிச்சைச்சாறு சேர்த்த தொக்கு தயிர்சாதத்துக்கு மிகப் பொருத்தம். அதைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

பழுத்தவற்றில் முதல் தடவை காய்ச்சிய ஜாம், ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்து வீணாயிற்று. எலுமிச்சை சேர்க்காமல் விட்டதும், சர்க்கரையைக் குறைத்ததும்தான் காரணம். புளிப்பு போதாவிட்டால் பேரி ஜாம் இறுகுவதும் இல்லை, தாங்குவதும் இல்லை. இரண்டாம் தடவை, ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சர்க்கரையும் மூன்று எலுமிச்சையின் சாறும் சேர்த்தேன். தோலையும் நடுத்தண்டையும் துணியில் முடிந்து கூடவே கொதிக்கவிட்டு, இறக்கும்போது முடிச்சைப் பிழிந்து எடுத்தேன், ஏனெனில் ஜாமை இறுக வைக்கும் பெக்டின் அவற்றில்தான் மிகுதி. குளிர்ந்த தட்டில் விட்ட சொட்டு ஓடாமல் நின்றதும் இறக்கிச் சுக்குப்பொடி தூவினேன். நாட்டுப் பேரியின் சதை மணல்போல் நெறுநெறுக்கும். அதைச் சல்லடையில் மசித்துக்கொள்வது நல்லது.

அடிபட்டு விழுந்தவற்றை எக்காரணத்தைக்கொண்டும் நல்ல காயோடு வைக்காதே. கன்றிய இடத்தை அரிந்து எறிந்துவிட்டு, அன்றைக்கே வெல்லப் பச்சடியாகச் செய்துவிடு.

வற்றல் மட்டும் உன் ஊர் மூடுபனியில் ஆகாது. இங்கே மெல்லிய வில்லைகளாக நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் கலந்த நீரில் நனைத்து, மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி விரித்து மேலே வலையும் போட்டுக் காயவைத்தேன். மாலை மழைக்கு முன்னால் எடுத்து உள்ளே வைக்க வேண்டியிருந்ததே தவிர, நான்கு நாளில் தோல்போல் வளைந்து, ஈரம் ஒட்டாத பதத்துக்கு வந்துவிட்டன. ஆகவே இன்னும் இரண்டு மூட்டை அனுப்பிவை. வற்றலாக்கித் திருப்பி அனுப்புகிறேன். அனுப்பும்போது ஒவ்வொரு காயையும் செய்தித்தாளில் தனித்தனியே சுற்று, ஒன்று அழுகினால் அடுத்ததையும் கெடுத்துவிடும். அந்தக் கிணற்றடி மரத்துக் காயைத் தனி மூட்டையாகக் கட்டு, தொக்குக்கு அதுதான் ஏற்றதாக இருந்தது.

அன்புடன்,
உன் பழைய தோழி